ரோசி வைத்த பாஸ்தா சூப்

குவைத்திலிருந்து ரோசி ஊர் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வீட்டிலிருந்த சாமான்கள் எல்லாம் பலமுறை இடம் மாறிவிட்டன. பீரோ சன்னல் பக்கம் போனது, ஒத்துவரவில்லை என்று கதவுப் பக்கம் திரும்பி வந்தது. அரிசி டிரம் இன்றைக்கு எந்த மூலையில் இருக்கிறது என்று அவள் புருஷன் பிரதாப் தினமும் தேட வேண்டியிருந்தது. துவைத்து மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி துவைத்தாள். வாசல் பெருக்க இறங்கினால் தன் வாசலோடு நிற்பதில்லை. விளக்குமாறு பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாளின் வாசல்வரை போய்விடும்.

"இன்னாமே, என் வாசலையாச்சும் எனுக்கு வுட்டு வையி," என்றாள் கஸ்தூரியம்மாள், மீன் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா."

"அங்க வேல வாங்கி வாங்கிப் பழக்கி வுட்டுட்டாங்க உன்ன. ரெண்டு நாளு கால நீட்டிப் படு. சரியாப் பூடும்."

ரோசி படுத்துத்தான் பார்த்தாள். கண்ணை மூடினால் மணி அடிப்பது போலிருக்கும். குவைத்தில் அவள் வேலை பார்த்த வீட்டில் சமையலறைச் சுவரில் ஒரு மணி உண்டு. மாடியிலிருந்து யாராவது அழுத்தினால் இவள் போட்டது போட்டபடி ஓட வேண்டும். பதினொரு வருடம் ஓடிய ஓட்டம். இங்கே, பழவேற்காட்டில், ஏரிக்கரையை ஒட்டிய இந்தச் சின்ன வீட்டில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடவில்லையே என்ற நினைப்புதான் அவளைப் படுக்கவிடாமல் எழுப்பியது.

உண்மையைச் சொன்னால் சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். பிறந்தது ஆரம்பாக்கத்தில். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வயல் வேலை பார்த்தவர்கள். பள்ளிக்கூடம் விட்டால் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போகும். ரோசி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், எந்த ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். பிரதாப்பைக் கட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்கு வந்த பிறகு இறால் கம்பெனியில் தோலுரிக்கும் வேலைக்குப் போனாள், அதை விட்டுவிட்டுத் துணிக்கடைக்குப் போனாள், அதையும் விட்டாள். பிரதாப் பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரே சாலையில் போய்ப் போய் வருவதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டு வேலைக்குக் குவைத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, ஒழுகுகிற கூரையை மாற்றிவிடலாம், பிள்ளையை நன்றாகப் படிக்கவைக்கலாம் என்று ரோசி எல்லோரிடமும் சொன்னாள். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் போக வேண்டும் என்கிற ஆசை அதற்கு முன்பே அவள் காலில் ஏறி உட்கார்ந்திருந்தது.

மகள் ஜெபசெல்விக்கு அப்போது ஆறு வயது. நடுவில் ஒரே ஒரு தடவை ரோசி லீவில் வந்தாள். அப்போது பிள்ளைக்கு எட்டு. பிறகு அந்த வீட்டில் மூன்றாவது குழந்தை பிறந்தது, இவள் இல்லாமல் ஆகாது என்றார்கள். அப்புறம் கொரோனா வந்து விமானம் நின்றது. வெள்ளிக்கிழமை தோறும் போனில் பேசுவாள். சாப்பிட்டியா, படிச்சியா, அப்பா திட்டினாரா. செல்வி எல்லாவற்றுக்கும் ம் போடுவாள். இப்போது அந்தப் பெண் பொன்னேரியில் கல்லூரி முதல் வருடம் படிக்கிறாள். அம்மாவைவிட உயரம்.

வந்த நாளிலிருந்து செல்வி அம்மாவிடம் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. தட்டில் எதை வைத்தாலும் "நல்லாருக்கும்மா" என்பாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் "தேங்க்ஸ்மா" என்பாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பாள். இதே பெண், அம்மா இல்லாத வருடங்களில் சாப்பிட்டு வளர்ந்த கஸ்தூரியம்மாள் வீட்டில், "இன்னா அத்த, இன்னிக்கும் கெழங்கா மீனா?" என்று சலித்துக்கொள்வதை ரோசி சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். "துன்றதுன்னா துன்னு, இல்லேன்னா எழுந்து போ," என்று கஸ்தூரியம்மாள் அதட்டுவாள். பிறகு இருவரும் சிரிப்பார்கள். ரோசிக்குத் தன் வீட்டில் யாரோ விருந்தாளி தங்கியிருப்பது போலத் தோன்றும். அந்த விருந்தாளி மகளா, தானா என்பதுதான் தெரியவில்லை.

இதற்கு நடுவில் வேணு போன் செய்தான். முதலில் அவளைக் குவைத்துக்கு அனுப்பிவைத்த ஏஜென்ட்.

"மஸ்கட்ல ஒரு வீடு கீதுக்கா. வயசானவங்க, ரெண்டே பேரு. உன்ன மாதிரி சமையல் தெரிஞ்ச ஆளுதான் வோணும்னு கேக்குறாங்க."

ரோசி போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் பேசினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவன் மறுபடி அழைத்தான். மறுபடியும் குழாய் திறந்தது.

மழைக்காலம் தொடங்கி ஏரி நிரம்பியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து எல்லோரும் குடையை விரித்துக்கொண்டிருந்தார்கள். தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வந்துட்டாங்க, இனிமே உனுக்கு விதவிதமா சாப்பாடுதான்" என்றாள்.

"எது செஞ்சாலும் கொஞ்சம் சப்புன்னுதான் ஆன்ட்டி இருக்குது. நம்ம ஊரு காரம் அவங்களுக்கு மறந்து போச்சு. நான் ஒண்ணும் சொல்றதில்ல. பாவம்."

செல்வி கேலியாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். தூணுக்கு இந்தப் பக்கம் நின்ற ரோசிக்கு உடம்பெல்லாம் கூசியது. சப்பென்று இருக்கிறது என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். "பாவம்" என்ற சொல் வீடு வரும்வரை காதைச் சுற்றிய வண்டாக விடாமல் வந்தது.

செல்வி சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்க சர்ச்சிலேயே நின்றுவிட்டாள். கலங்கரை விளக்கம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு பிரதாப் போயிருந்தான். ரோசி வீட்டுக்குள் நுழைந்தாள், புடவையை மாற்றினாள், அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். தனக்கு நன்றாக வருகிற சமையல் எது என்று யோசித்தாள். மீன் குழம்பா? கஸ்தூரியம்மாளின் கைக்கு முன்னால் அது நிற்காது. பிரியாணியும் இந்த ஊரில் யாரும் செய்வதுதான். அந்த வீட்டில் பிள்ளைகள் தட்டை வழித்து நக்கியது ஒன்றே ஒன்றுதான். பாஸ்தா சூப்.

அது ஒரே பானையில் ஆகிற சமையல். அந்த வீட்டு அம்மாள் எப்போதோ ஒரு குளிர்காலத்தில் போனில் வீடியோவைக் காட்டி, இது மாதிரி செய் என்றாள். முதல் தடவை கஞ்சி மாதிரி குழைந்து போனது. அப்புறம் ரோசி தன் போக்கில் பூண்டைக் கூட்டினாள், மிளகைத் தட்டிப் போட்டாள், கோழியை எலும்போடு வேகவிட்டாள். வெளியே குளிர்காற்று மணலை வாரி அடிக்கும் நாட்களில் மூன்று பிள்ளைகளும் குளித்துவிட்டு வந்து பானையைச் சுற்றி நிற்பார்கள். கடைக்குட்டிப் பையன் சங்கு வடிவ பாஸ்தாவை ஒவ்வொன்றாக விரலில் எடுத்து, அதற்குள் தேங்கிய சாற்றை உறிஞ்சிவிட்டுத்தான் தின்பான்.

பொன்னேரி கடையில் வாங்கிய பாஸ்தா பாக்கெட் ஒன்று அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. கோழிக்குப் பதிலாக இறால் போடலாம் என்று ரோசிக்குத் தோன்றியது. தோன்றியதும் மனசு துள்ளியது. ஆறு வயதில் செல்வி இறால் என்றால் உயிரை விடுவாள். தொக்கு வைத்தால் தன் தட்டில் இருப்பதை முடித்துவிட்டு, அம்மாவின் தட்டிலிருந்து ஒன்றொன்றாகப் பொறுக்குவாள். அந்தச் சின்ன விரல்கள் ரோசிக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. குவைத்தில் இருந்த காலமெல்லாம் மகள் என்று நினைத்தாலே அந்த விரல்கள்தான் முதலில் வரும்.

கஸ்தூரியம்மாள் ஞாயிற்றுக்கிழமை கூடை எடுப்பதில்லை. தூறலில் ரோசி படகுத்துறைவரை நடந்து, வேறொருத்தியிடம் ஏரி இறாலாகப் பார்த்து வாங்கி வந்தாள். இன்னும் மீசை துடித்துக்கொண்டிருந்த இறால்.

உட்கார்ந்து உரிக்கத் தொடங்கியதும் கம்பெனியில் பழகிய கை தானாக ஓடியது. தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகைக் கீறி நரம்பை உருவிப் போட்டாள். தலைகளை அலசி, சுத்தமான வெள்ளைத் துணியில் சின்ன மூட்டையாகக் கட்டினாள். அலுமினியக் குண்டானை அடுப்பில் ஏற்றி எண்ணெய் விட்டு, பட்டையும் தட்டிய பூண்டும் போட்டாள். வெங்காயம் சிவந்ததும் தக்காளி. சப்பென்று இருக்கக் கூடாது என்று மிளகாய்த்தூளை வழக்கத்தைவிடத் தாராளமாகத் தூவினாள். கேரட்டும் பீன்ஸும் போட்டு வதக்கி, தண்ணீர் ஊற்றி, தலை மூட்டையை அதில் இறக்கி மூடினாள். கொதிக்கக் கொதிக்கச் செம்மஞ்சள் எண்ணெய் மேலே மிதந்து வந்தது. மூட்டையைக் கரண்டியால் அழுத்திப் பிழிந்து வெளியே எடுத்துவிட்டு, அந்தச் சாற்றிலேயே பாஸ்தாவைக் கொட்டினாள். அது முக்கால் பதம் வெந்த பிறகு இறால். இறால் சுருண்டு நிறம் மாறியதும் அடுப்பை அணைத்து எலுமிச்சை பிழிந்தாள், கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள்.

எல்லாம் முடிந்தது. செல்வியைத்தான் காணோம்.

பாஸ்தாவுக்கு ஒரு குணம் உண்டு. அடுப்பை அணைத்தாலும் அது சும்மா இருக்காது. சாற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். ரோசி மூடியைத் திறந்து பார்த்தாள். வாசலுக்குப் போய்த் தெருமுனையைப் பார்த்தாள். திரும்பி வந்து மறுபடி திறந்தாள். சூப் கெட்டியாகிக்கொண்டிருந்தது. வெந்நீர் வைத்துக் கொஞ்சம் ஊற்றினாள், உப்புப் பார்த்தாள், உப்புப் போட்டாள். மகளுக்கு போன் அடித்தாள், எடுக்கவில்லை. கிண்ணங்களைத் துடைத்தாள். துடைத்த கிண்ணங்களை மறுபடி கழுவினாள்.

செல்வி நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தாள். அடுப்படி வாசலில் அவள் மூக்கு ஒரு கணம் சுருங்கியது.

"இன்னாம்மா இது?"

"பாஸ்தா சூப். உனுக்குன்னே வெச்சேன்."

"எறாவா?"

"ஆமா. உனுக்கு எறான்னா உசுராச்சே."

செல்வி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வேர்த்து, சிவந்து, ஏதோ பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போலிருந்த முகம். "ட்ரெஸ் மாத்திகினு வரேன்," என்று உள்ளே போனாள். மேசை டிராயர் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் பாஸ்தாவை மட்டும் ஸ்பூனால் ஒதுக்கி எடுத்தாள். "எறா எட்துக்கோ, எறா எட்துக்கோ," என்று ரோசி கிண்ணத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். செல்வி ஒன்றை வாயில் போட்டு மென்றாள். பிறகு இன்னொன்று.

"நல்லாருக்கும்மா," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நெஜமாவே நல்லாருக்குது," என்று தானே கரண்டியை எடுத்து இன்னொரு முறை ஊற்றிக்கொண்டாள்.

ரோசிக்குத் தலைகால் புரியவில்லை. வாய் ஓயாமல் பேசத் தொடங்கினாள். அந்த வீட்டுக் கடைக்குட்டி சங்கை உறிஞ்சுவதைச் சொன்னாள்.

"அவனுக்கு வேற இன்னா புடிக்கும்?" என்று கேட்டாள் செல்வி.

கேட்டதுதான் தாமதம். அவனுக்குக் கேரட் ஆகாது, மசித்துக் கண்ணுக்குத் தெரியாமல் போட வேண்டும். ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட வேண்டும். பால் குடித்தால் இரவெல்லாம் இருமுவான். இடி இடித்தால் இவள் மடியில்தான் தூங்குவான். பெரியவளுக்குக் கடலை பட்டாலே வயிற்றைப் பிரட்டும், அதனால் அந்த வீட்டுக்குள் கடலையே வரவிடமாட்டாள். ரோசி சொல்லிக்கொண்டே போனாள். செல்வி கழுத்தைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஞாபகம் வெச்சினுகீற," என்றாள்.

அந்தக் குரல் தடித்திருந்தது. ரோசி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். மகளின் உதடு வீங்கியிருந்தது. கழுத்தில், கையில், காதோரத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்திருந்தது. கண்ணிமைகள் உப்பிக்கொண்டிருந்தன.

"செல்வி, இன்னாடி இது?"

"ஒண்ணுல்லமா, சரியாப் பூடும்," என்று எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு விசில் அடித்தது.

ரோசி பிரதாப்புக்கு போன் போட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை. செருப்புப் போடாமல் மழையில் ஓடிக் கஸ்தூரியம்மாளின் கதவைத் தட்டினாள். அவள் வந்து ஒரே பார்வையில் செல்வியையும் குண்டானையும் பார்த்தாள்.

"எறா போட்டியா?"

"ஆமாக்கா."

"ஐயோ, அதுக்கு எறா ஆவாதேடி. தெருவுக்கே தெரியுமே."

அவள் வாசலுக்கு ஓடினாள். தன் தம்பி சிங்காரத்தைப் பெயர் சொல்லி ஒரு கத்துக் கத்தினாள். சிங்காரம் ஐஸ் லோடு ஏற்றுகிற குட்டி யானை வண்டியைத் தெருவிலேயே நிறுத்தியிருந்தான். முன் சீட்டில் செல்வியை நடுவில் உட்காரவைத்து ரோசி அணைத்துக்கொண்டாள். கஸ்தூரியம்மாள் பின்னால் காலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஏறி நின்றுகொண்டாள். வழியெல்லாம் தேங்கிய தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு வண்டி போனது. செல்வியின் நெஞ்சு ஏறி இறங்குவதை ரோசி தன் கையால் உணர்ந்தாள். அந்த வீட்டுப் பெரியவளுக்குக் கடலை ஆகாது என்று சற்று முன்னால்தானே வாய் கிழியப் பேசினோம் என்ற நினைப்பு வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாள் இருந்தார். இறால் என்று சொன்ன உடனே தொடையில் ஒரு ஊசி, பிறகு கையில் ஒன்று, முகத்தில் காற்றுக் குழாய். ரோசியை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவள் நடைபாதையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். "உக்காருமே, தல சுத்துது எனுக்கு," என்றாள் கஸ்தூரியம்மாள். ரோசி உட்காரவில்லை. எவ்வளவு நடந்தாளோ, உள்ளிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, மூச்சு சீராகிவிட்டது, சாயங்காலம்வரை இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். அப்புறம்தான் ரோசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கட்டிலில் செல்வி சாய்ந்திருந்தாள். முகம் இன்னும் உப்பலாகத்தான் இருந்தது.

"ஆவாதுன்னு தெரிஞ்சே ஏன்டி சாப்ட்ட?"

"மாத்திர போட்டுகினுதான் சாப்ட்டேன். முன்னல்லாம் அரிப்புதான் வரும். இந்த மாதிரி ஆவும்னு தெரியாது."

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

செல்வி சன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

"பாத்ரூம்ல நீ பேசறது எனுக்குக் கேக்குதும்மா. கொழாய மூடினப்புறமும் பேசினுதான் கீற. மஸ்கட்டுங்கற, பாஸ்போர்ட்டுங்கற." அவள் குரல் இன்னும் கரகரத்தது. "நீ இன்னா செஞ்சாலும் நல்லாருக்குன்னு சொல்லணும்னு நெனச்சிகினேன். வேணாம்னா நீ கெளம்பிடுவியோன்னு."

ரோசி கட்டிலில் நெருங்கி உட்கார்ந்தாள். மகளின் விரல்களைப் பிடித்தாள். அவை நீளமான, நகப்பூச்சு உதிர்ந்த, பேனா பிடித்துத் தழும்பேறிய விரல்கள். இவ்வளவு நாளில் அவற்றை அவள் பார்த்ததே இல்லை.

சிங்காரம் போனில் பிடித்துச் சொன்னதும் பிரதாப் நனைந்த காக்கிச் சட்டையோடு ஓடி வந்தான். மகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தவனை ரோசி பிடித்துக்கொண்டாள்.

"எனுக்கு ஏன் சொல்லல?"

"அது ஒம்பது வயசுல வந்தது. அங்க கெடந்து நீ அழுவன்னு சொல்லல."

"வந்தப்புறம்?"

பிரதாப் யோசித்தான். "வூட்ல எறா வாங்கறதே இல்ல. அதனால அந்தப் பேச்சே வரல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு... உனுக்குத் தெரியாதுன்றது எனுக்குத் தோணவே இல்ல ரோசி."

அவனைத் திட்டத்தான் வாயெடுத்தாள். அவன் சொன்னதில் குற்றம் பிடிக்க ஒன்றும் இல்லாததால் இன்னும் ஆத்திரமாக வந்தது. "இன்னும் இன்னா இன்னா தெரியாது எனுக்கு? சொல்லு. இப்பவே சொல்லு." அவன் முழித்தான். கஸ்தூரியம்மாள்தான் குறுக்கே வந்து, "மெதுவா ஆவட்டும்மே, ஆஸ்பத்திரில நின்னுகினு கேக்கற கேள்வியா இது?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வேணு அழைத்தான். ரோசி போனை எடுத்துக்கொண்டு எங்கும் போகவில்லை. மகளின் கட்டிலருகே வந்து நின்று பேசினாள்.

"நான் வரல வேணு. வேற ஆளப் பாத்துக்கோ."

"இன்னாக்கா இது, முடிஞ்ச மாதிரிதானே பேசினு இருந்த? இந்த மாதிரி வீடு அப்பால கெடைக்காது."

"கெடைக்காட்டி போவுது. எம்பொண்ணுக்கு எது ஆவும் எது ஆவாதுன்னு எனுக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்சிக்கணும்."

அவன் இன்னும் ஏதோ சொன்னான். அவள் துண்டித்துவிட்டாள். செல்வி கண்ணை மூடியபடியே கிடந்தாள். தூங்கவில்லை என்பது இமை அசைவில் தெரிந்தது.

அன்றோடு ரோசியின் காலுக்கு ஓய்வு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த மறுநாளே அவள் மகளைக் கேள்வியால் துளைக்கத் தொடங்கினாள். நண்டு ஆகுமா, கத்தரிக்காய் ஆகுமா, பல்லுக்குக் கம்பி எப்போது கட்டினாய், கையில் இந்தத் தழும்பு எப்படி வந்தது, யாரோடு கல்லூரிக்குப் போகிறாய், இடி இடித்தால் பயமா. செல்வி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் புத்தகத்தைத் தரையில் போட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் வாய மூடினு இரேம்மா, நாளைக்கு டெஸ்ட்டு," என்று சீறினாள். ரோசி அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சும்மா இருக்க அவளால் ஆகாது என்பதைப் பிரதாப்பும் புரிந்துகொண்டான். பொன்னேரியில் ஒரு பெண்கள் விடுதிக்குச் சமையல் ஆள் தேவை என்று அவன் ஆட்டோவில் வந்த ஒருத்தர் சொன்னதை வந்து சொன்னான். ரோசி மறுநாளே போய்ப் பார்த்து ஒத்துக்கொண்டாள். அங்கே பெரிய பெரிய அண்டாக்கள், ஓயாத இரைச்சல். அந்த இரைச்சல் அவளுக்கு மருந்துபோல் இருந்தது. சேர்ந்த முதல் நாளே சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒவ்வொரு பெண்ணிடமும், "உனுக்கு ஆவாதது எதுனா கீதா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

ஆனால் வீட்டு அடுப்பில் அந்தக் குண்டானை ஏற்ற அவளுக்குத் தைரியம் வரவில்லை. மீந்த பாஸ்தா பாக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்தபோது செல்விதான் பிடுங்கிக்கொண்டாள்.

"கோழி போட்டு செய்யி. அங்க செஞ்ச மாதிரியே."

"வேணாண்டி, பயமாகீது."

"கோழி எனுக்கு ஒண்ணும் பண்ணாது. வாரா வாரம் துன்றேன், அத்தையக் கேட்டுப் பாரு."

கேட்டுத்தான் பார்த்தாள். கஸ்தூரியம்மாள் கோழி ஆகும் என்று சொன்னதோடு விடாமல், தானும் வந்து உட்கார்ந்துகொண்டாள். குண்டானையும் கரண்டியையும் கொதிநீர் ஊற்றித் தேய்த்த பிறகே ரோசி அடுப்பைப் பற்றவைத்தாள். செல்வி பூண்டை உரித்தாள், கேரட்டைக் கோணல்மாணலாக வெட்டினாள். "சின்னதா வெட்டு," என்றாள் ரோசி. "இதான் எனுக்கு வரும்," என்றாள் மகள். எலும்போடு கோழி வெந்த சாற்றில் பாஸ்தா விழுந்ததும், இருவருக்கும் தகராறு. இன்னும் வேகணும் என்றாள் செல்வி. இறக்கினால்தான் பதம், இல்லாவிட்டால் குழையும் என்றாள் ரோசி. கடைசியில் செல்வி சொன்னபடி விட்டதில், பாதி பாஸ்தா உடைந்துதான் போனது.

கஸ்தூரியம்மாள் கிண்ணத்தை வாயில் வைத்துச் சுடச்சுட உறிஞ்சினாள். "நல்லாத்தான் கீது. ஒரு கரண்டி கொழம்புத் தூள் போட்டுகினா இன்னும் நல்லாருக்கும்."

"நானும் அதத்தான் சொன்னேன், அம்மா கேக்கல," என்றாள் செல்வி.

ரோசி மகளின் உதட்டையும் கழுத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கிண்ணத்தில் அவள் கை வைக்கவே இல்லை.

"இன்னாம்மா பாக்குற? ஒண்ணும் ஆவல. நீ சாப்புடு." செல்வி ஒரு வாய் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "உப்பு ஜாஸ்தி. ரெண்டு தடவ போட்டியா?"

ரோசி ருசித்துப் பார்த்தாள். உப்பு நிஜமாகவே கூடத்தான் இருந்தது. எழுந்து போய்ச் சொம்பில் வெந்நீர் எடுத்து வந்து குண்டானில் ஊற்றிக் கலக்கினாள்.